நாலாவது ஆள்

"இன்னிக்கு அந்த மனுஷனை ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினாள் மேனேஜரம்மா.

பின்சீட்டில் ஆடிட்டர் தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். பக்கத்தில் டிசைனர் பொண்ணு கொட்டாவி விட்டாள். கார் தெருமுனைக்கு வந்து கால் மணி நேரம் ஆகிறது. வர வேண்டியவர் வந்தபாடில்லை.

வழக்கமாக போன் செய்து, "அஞ்சே நிமிஷம், வந்துட்டே இருக்கேன்" என்பார். அதனால் காருக்குள் அவருக்கு 'அஞ்சு நிமிஷம்' என்றே பெயர். இன்று அந்த போனும் இல்லை. கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை.

"விட்டுட்டுப் போயிடலாம்க்கா" என்றாள் பொண்ணு.

"போலாம்தான். மூணு பேரா போய் நின்னா கேட்ல முன்பக்கம் விடுவானா?"

அதுதான் சிக்கல். நாலு பேருக்கும் வேறு வேறு கம்பெனி என்றாலும் எல்லாம் ஒரே பிசினஸ் பார்க்கில்தான். கார்களைக் குறைக்கிறோம் பேர்வழி என்று அங்கே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். காலையில் நாலு தலையோடு வருகிற காருக்கு வாசலை ஒட்டியே இடம். ஒரு தலை குறைந்தாலும் பின்பக்கப் பொட்டல்தான். அங்கிருந்து லொங்கு லொங்கென்று நடந்து வர வேண்டும்.

மேனேஜரம்மாவுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத கார் என்பதால் ஓட்டிவிடுவாள். நடப்பதுதான் உயிர் போகும். இப்படி இப்படி என்று நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொன்னால் தனியாகவே இடம் கொடுத்துவிடுவார்கள். ஆனால் யாரிடமும் போய் நின்று பழக்கமில்லை அவளுக்கு. லீவு போடச் சொன்ன டாக்டரிடமே சண்டை போட்டவள்.

"முன்னெல்லாம் நாம வர்றதுக்கு முந்தியே வந்து நிப்பாரு. இப்போ குளிர் விட்டுப் போச்சு" என்றான் ஆடிட்டர்.

"சாயங்காலம் நம்மகூட வர்றதும் இல்லை, கவனிச்சியா? 'வேலை இருக்கு, நீங்க கிளம்புங்க'ன்னுடறார். காலையில சொகுசா போறதுக்கு மட்டும் நம்ம கார்" என்றாள் மேனேஜரம்மா.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப்பிலிருந்து ரோட்டைக் கடந்து ஓடி வந்தார் அஞ்சு நிமிஷம். சட்டையெல்லாம் வேர்வை.

"மன்னிச்சிடுங்க மேடம். அவசரத்துல போனை வீட்லயே வெச்சுட்டேன்."

"அடுத்த தெருவுல வீட்டை வெச்சுக்கிட்டு ஒரு நாளாவது நேரத்துக்கு வர முடியுதா உங்களால?"

அவர் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ரெண்டு சிக்னல் தாண்டுவதற்குள் குறட்டை.

"வீட்ல தூங்கினது போதலை போல" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தாள் பொண்ணு.

கேட்டில் காவலாளி குனிந்து தலைகளை எண்ணிப் பார்த்துத் தடுப்பைத் தூக்கினார். வாசல் அருகே காரை நிறுத்தியதும் மேனேஜரம்மா அஞ்சு நிமிஷத்தை எழுப்பினாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைப் பட்டென்று போட்டு உடைத்தாள்.

"சார், நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஆள் கிடைச்சாச்சா மேடம்?"

"கிடைப்பாங்க. கிடைக்காட்டி நான் நடந்துட்டுப் போறேன். உங்களுக்கென்ன?"

"ஐயையோ, அதெல்லாம் வேண்டாம். ஆள் கிடைக்கிற வரைக்குமாவது நான் வரேனே. நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துடறேன் மேடம்."

கெஞ்சாத குறை. அவர் தலை குனிந்தபடி தன் ஆபீஸ் பக்கம் நடந்தார்.

"ஓசி சவாரியை விட மனசு வருதா பாரு" என்றான் ஆடிட்டர். பொண்ணு களுக்கென்று சிரித்தாள். இரண்டு பேரும் படியேறிப் போய்விட்டார்கள்.

மேனேஜரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காலை ஊன்றினாள். சொன்னது சரிதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்த முகம் மனசைப் பிசைந்தது.

"மேடம், ஒரு நிமிஷம்!"

வீட்டுச் செருப்போடு, ஈரத் தலையை அள்ளி முடிந்தபடி, ஒரு பெண் வேகமாக வந்தாள். கையில் ஒரு போன்.

"நீங்கதானே இவரைக் கார்ல கூட்டிட்டு வர்றது? நான் அவர் சம்சாரம். போனை மறந்துட்டுப் போயிட்டார். கொஞ்சம் கொடுத்துடறீங்களா?"

"இதுக்காகவா அவ்வளவு தூரத்திலேருந்து வந்தீங்க? எதுல வந்தீங்க?"

"எங்கேம்மா தூரம்? இந்தச் சுவருக்குப் பின்னாடிதான் வீடு. குடி வந்து ரெண்டு மாசமாச்சே! உங்க கார் உள்ளே வர்றது எங்க பால்கனியிலேருந்தே தெரியும்."

மேனேஜரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இங்கேயா வீடு? அப்போ தினம் காலையில எங்க தெருவுக்கு…?"

"இருட்டோட கிளம்பி, ரெண்டு பஸ் மாறி வர்றார். ஆபீஸை வாசல்ல வெச்சுக்கிட்டு எதுக்கு இந்த அலைச்சல்னு நானும் சண்டை போட்டுப் பாத்துட்டேன். 'ஒரு ஆள் குறைஞ்சா அந்தம்மா பொட்டல்லேருந்து நடந்து வரணுமே, சொன்னா ரோஷப்பட்டு வேண்டாம்னுடுவாங்க, நீ வாயைத் திறக்காதே'ன்னார்…"

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள் அந்தப் பெண். பிறகு, உளறியது உளறியாகிவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகக் கேட்டாள்.

"கால் இப்போ தேவலையாம்மா? நீங்க நல்லா நடக்க ஆரம்பிச்சாத்தான் இவர் காலையில வீட்ல உக்காந்து ஒரு வாய் சாப்பிடுவார்."