நான்காம் வாரம்: என் குடும்பம்

அம்மாவின் தலைமுடிக்குச் சாம்பல் நிறப் பென்சில் தேடிக்கொண்டிருந்தான் எர்சாயின்.

பன்னிரண்டு பென்சில் இருந்த டப்பாவில் அது மட்டும் இல்லை. கறுப்பையே அமுக்காமல் தீட்டிப் பார்த்தான். சரியாக வந்துவிட்டது போலிருக்கிறது. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு அடுத்த ஆளை வரையப் போய்விட்டான்.

கம்ஷாத் மூன்றாவது தடவையாக அதே ஜன்னலைத் துடைத்தாள். அங்கே நின்றால்தான் அவன் தாள் கண்ணில் படும்.

அந்த மழலைப் பள்ளியில் அவள் ஆயா. பச்சை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கிண்ணம் கழுவுவாள், படுக்கை விரிப்பாள், மூக்குத் துடைப்பாள். வீட்டில் கூப்பிடுவதுபோலவே எர்சாயின் இங்கேயும் அவளை அண்ணி என்பான். அவனைப் பார்த்து மற்ற பதினேழு பிள்ளைகளுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். ஆசிரியை பாகிலாகூட, குஷி வந்தால், உன் கொழுந்தனாருக்கு மூக்கு ஒழுகுது, கவனி என்று கேலி செய்வாள்.

இந்த வாரம் அந்தக் கேலி இல்லை.

கோட்டு மாட்டும் அறையின் கதவில் பாடத்திட்டம் ஒட்டியிருந்தது. முதல் வாரம் நிறங்கள். இரண்டாம் வாரம் காய்கறிகள். மூன்றாம் வாரம் வீட்டு விலங்குகள். ஆடு வரையச் சொன்னாலும் மாடு வரையச் சொன்னாலும் பிள்ளைகள் குதிரையைத்தான் வரைந்தார்கள். நான்காம் வாரம், என் குடும்பம். அந்த நான்காவது வரியைப் படித்த நாளிலிருந்து கம்ஷாத் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் மனதுக்குள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அவன் வரையும் படத்தில் தானும் இருக்க வேண்டும். ஓர மூலையில் என்றாலும் போதும்.

வீட்டில் அவளுக்கென்று மூலைகூடக் கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும். புருஷன் பதினைந்து நாள் எண்ணெய் வயலில் இருப்பான், பதினைந்து நாள் வீட்டில் தூங்குவான். மாமியார் கூடத்தில் எர்சாயினைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். கம்ஷாத் இந்த வேலைக்கு வந்ததே, காலையில் அவனை அழைத்துவரும் பத்து நிமிடத்துக்காக. அந்தப் பத்து நிமிடமும் அவன் கை அவள் கையில் இருக்கும். மற்ற நேரமெல்லாம், இத்தனை பிள்ளைகள் நடுவிலும், அவள் ஒற்றை ஆள்தான்.

திங்கட்கிழமை பாகிலா குடும்பத்துச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தாள். இது அப்பா, இது அம்மா, இது அண்ணன். ‘நம்மைப் பெற்றவர் யார்?’ என்றும் ஒரு கேள்வி புத்தகத்தில் இருந்தது. பாகிலா அதைக் கேட்காமல் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். கம்ஷாத் அப்போது குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை.

“அண்ணி, முடிச்சிட்டேன். வாங்க.”

துணியைக் கையில் வைத்துக்கொண்டே போனாள். தொப்பி போட்ட அப்பா இருந்தார். சாம்பல் முடியோடு அம்மா. ஆரஞ்சு ஹெல்மெட்டில் அண்ணன். எல்லோரையும்விடப் பெரிதாக ஒரு நாய். கொஞ்சம் தள்ளி, ஜன்னல் மாதிரி எதற்கோ பக்கத்தில், பச்சை ஏப்ரன் கட்டிய ஒருத்தி நின்றாள்.

கம்ஷாத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது, அதோடு திரும்பிப் போயிருப்பாள்.

ஆனால் பச்சை ஏப்ரனின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று இருந்தது. முட்டைக்குக் கால் முளைத்ததுபோல, சின்னதாக. இது யார் என்று கேட்டாள்.

“எல்லார்கிட்டயும் ஒரு பிள்ளை இருக்கு. உங்களுக்குத்தான் ஒண்ணுமே இல்ல, பாவமா இருந்துச்சு. அதான் வரைஞ்சு குடுத்திட்டேன். அழாதீங்க அண்ணி, நல்ல பிள்ளைதான் இது.”

பாகிலா ஏற்கெனவே சீவியிருந்த பென்சிலை எடுத்து மறுபடியும் சீவத் தொடங்கினாள்.

பெயரை மட்டும் அண்ணிதான் வைக்க வேண்டும் என்று எர்சாயின் கண்டிப்பாகச் சொன்னான்.

கம்ஷாத் யோசிக்கவே இல்லை. “அர்லான்” என்றாள்.

எர்சாயின் தன் வயிற்றில் இருந்த ஒன்பது மாதமும் அவள் அவனை அப்படித்தான் கூப்பிட்டாள், யாருக்கும் கேட்காமல். பிறந்ததும் மாமனார் அவன் காதில் எர்சாயின், எர்சாயின், எர்சாயின் என்று மூன்று முறை சொன்னார். தலைப்பிள்ளை தாத்தா பாட்டிக்குத்தான் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். நாற்பது நாள் கழிந்ததும் மாமியார் வந்து, பால்வாசம் போகாத பிள்ளையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து பாட்டிதான் அவனுக்கு அம்மா. பெற்றவள் அண்ணி.

“அர்லான்” என்று அவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். பிடித்துவிட்டது.

பிறகு தாளின் மேல் குனிந்து, வரைந்த பிள்ளைக்கு இந்த வாரத்துப் பாடத்தைப் பாகிலாவின் குரலிலேயே சொல்லிக்கொடுத்தான்.

“அர்லான், இங்க பாரு. இதுதான் உங்கம்மா.”