இரண்டே ஃபோல்டர்

டேப்லெட்டை ஆன் செய்து நாத்தனாரின் மடியில் வைத்தாள்.

"பாருங்க அண்ணி. ஒரு வருசமா புள்ளைங்க எழுதினது எல்லாம் இதுல இருக்கு."

குரல் கணீரென்று வந்தது. வரத்தானே செய்யும். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் சேர்த்துக் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பி.எஸ்சி. கணக்கு. மகளுக்கு மூன்றாம் வகுப்பும் மகனுக்கு அ, ஆவும் சொல்லிக்கொடுக்க யாரிடம் போய் அனுமதி கேட்பது?

அந்த அனுமதியைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருந்தாள்.

புருஷன் முடிவாகச் சொல்லிவிட்டான். அக்கா வந்து பார்க்கட்டும். அவளுக்குத் திருப்தி என்றால் பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கட்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அதே பள்ளிக்கூடம். அதே மிஸ். அக்கா ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறாள்.

அக்கா எட்டாவது ஃபெயில். அதை யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டில் வயசுதான் சர்டிபிகேட்.

நோட்டுப் பக்கங்களை அன்றன்றைக்குப் படம் எடுத்து டேப்பில் போட்டிருந்தாள். ஒரே குவியலாகக் கிடந்தது. காலையில் குழம்புக்குத் தாளித்தபடி மகளை ஏவினாள்.

"ஒழுங்கா பிரிச்சு வைடி. அத்தை வராங்க."

எப்படிப் பிரிப்பது என்று சொல்லவில்லை. கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. கணக்கு, தமிழ், இங்கிலீஷ். இதைக்கூடவா சொல்ல வேண்டும்?

நிறைமதி பிரித்து வைத்திருந்தாள்.

இரண்டே ஃபோல்டர்.

நாத்தனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அம்மா... கத்தினது."

விரல் நகர்ந்தது.

"அம்மா கத்தாதது."

அவளுக்குக் காது சுட்டது.

முதல் ஃபோல்டரைத் தொட்டதும் பக்கங்கள் கொட்டின. கழித்தல். மறுபடியும் கழித்தல். பெருக்கல். சொல்வதெழுதுதல். தள்ளத் தள்ளத் தீரவில்லை.

இரண்டாவதில் முக்கால்வாசி, தம்பிக்காரன் வரைந்த லாரி.

நாத்தனார் நிமிர்ந்தார். சிரிப்பை அடக்கக்கூட இல்லை.

"அந்த மிஸ் கத்துறாங்கன்னுதான புள்ளைய நிறுத்தின?"

அவளிடம் பதில் இருந்தது. எப்போதும் இருக்கும். அந்த மிஸ் கத்திக் கத்திப் பிள்ளை வாய் திறப்பதையே விட்டுவிட்டது. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றுகூடக் கேட்காமல் ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு வந்து நிற்கும். சொந்தக்காரர் யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் இவளே போய் ஹெட்மிஸ்ட்ரஸின் மேசையில் அடித்துக் கேட்டாள். டி.சி.யைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்தாள்.

இத்தனையும் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

ஆனால் நாத்தனாரின் மடியில் அந்த ஃபோல்டர் திறந்தே கிடந்தது.

டேப்பைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

அதற்குள் நிறைமதி உள்ளேயிருந்து ஓடி வந்து அத்தையின் நாற்காலிக் கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"தப்புக்குத்தான் கத்தினாங்கன்னு நினைக்காதீங்க அத்தை. இந்தப் பக்கம் பாருங்க. நான் கரெக்டாதான் போட்டேன். அம்மாதான் சரியா பார்க்காம கத்திடுச்சு. நான் சண்டை போட்டேன். அப்புறம் திரும்பப் பார்த்துட்டு சாரி சொல்லிச்சு."

"சண்டை போட்டியா? அம்மாகிட்டயா?"

"பின்ன? சும்மா விடுவாங்களா?"

"அடியேய்! என்னா வாய்டி இது. இழுத்து வச்சு அறுத்துடுவேன் ஜாக்கிரதை!"

நாத்தனாரின் குரல் தெருமுனைவரை போயிருக்கும். கையும் ஓங்கியிருந்தது. விளையாட்டுக்கா, நிஜமாகவா, சொல்ல முடியாது.

நிறைமதி இறங்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய யோசனை.

"அத்தை, நீங்க கத்துறதுக்குத் தனியா ஒரு ஃபோல்டர் போடணுமா?"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

அம்மாக்காரி டேப்பைப் பிடுங்கவில்லை.

வெளிச்சத்தைக் கூட்டினாள். நாத்தனாருக்கு இன்னும் நன்றாகத் தெரிகிற மாதிரி நிமிர்த்தி வைத்தாள்.