ஓசிக் குளியல்

முதல் இடி ஓயவில்லை, அதற்குள் இசாஹாகு தன் டாக்ஸியைக் கொண்டுவந்து தகரக் குழாய்க்கு நேர் கீழே நிறுத்திவிட்டான்.

கூரைத் தண்ணீர் மொத்தமும் சேர்ந்து கொட்டுகிற குழாய். முற்றத்தைச் சுற்றியிருக்கிற அத்தனை குடித்தனத்துக்கும் அது ஒன்றுதான். யார் முதலில் பாத்திரம் வைக்கிறார்களோ, நிறையும்வரை அந்த இடம் அவர்களுடையது.

"பாவி மனுஷன்!" ஜன்னல் வழியாகப் பார்த்த பெர்பெத்துவா வைதாள்.

மழை வந்தால் போதும், காரைக் கழுவ இறங்கிவிடுவான். முற்றத்தில் அவனுக்குப் பெயரே 'ஓசிக் குளியல்'தான். அதற்காக இன்றைக்குமா?

ஊர்க் குழாயில் தண்ணீர் வந்து வாரக்கணக்காகிறது. இந்த வருஷத்தின் முதல் மழை இது. அவளுடைய பத்து மாதக் குழந்தை பாசிலுக்கு நேற்றிலிருந்து வயிற்றால் போகிறது. காலையில் நர்ஸ் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கொடுத்தாள்.

"நல்ல தண்ணியக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, இதைக் கலந்து ஊட்டிக்கிட்டே இரு. உச்சிக்குழி உள்ள இறங்கிச்சுன்னா உடனே தூக்கிட்டு ஓடி வா."

நல்ல தண்ணீருக்கு எங்கே போவாள்? பானையில் இருப்பது கலங்கலாக ஒரு குவளை. புருஷன் பிழைப்புக்காகத் தெற்கே குமாசி நகரத்தில்.

பிள்ளையின் உச்சந்தலையை மறுபடி தொட்டுப் பார்த்தாள். இறங்கவில்லை. இல்லை, இறங்கிவிட்டதோ?

பிள்ளையை முதுகோடு துணியால் கட்டிக்கொண்டு, அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி பியாத்ரிஸ் அதற்குள் மூன்று டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தாள்.

"ஏம்ப்பா இசாஹாகு, ஆண்டவன் குடுக்கற மழை உன் காருக்கு மட்டும் சர்வீஸ் ஸ்டேஷனா?"

"அவரு காசு கேக்கறதில்லையேக்கா." அவன் பழந்துணியால் கார் தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கஞ்சப் பயலே! மிச்சம் பிடிக்கற காசையெல்லாம் போறப்போ கூட வெச்சுப் புதைக்கச் சொல்லுவியா?"

"குழி பெருசா இருந்தா காரையும் வெக்கச் சொல்லுவேன்."

"எடுடா வண்டிய!"

"டயர் பாக்கியிருக்குக்கா."

பெர்பெத்துவா முன்னால் வந்தாள். "அண்ணா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். ஒரே ஒரு அண்டா. பிள்ளைக்கு முடியலண்ணா."

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிள்ளைய நனைக்காதே. உள்ள போ."

"உங்க தகர டப்பாவுக்கு இருக்கிற மதிப்பு என் பிள்ளைக்கு இல்லையா?"

அவன் குனிந்து டயரைத் தேய்த்தான். தேய்த்த டயரையே திரும்பத் தேய்த்தான்.

"இவனோட நின்னா நமக்குத்தான் ஜுரம் வரும்" என்றாள் பியாத்ரிஸ். "நான் லாரித் தண்ணிக்குச் சொல்லிக்கறேன். நாளையிலிருந்து இந்த முற்றத்துல வண்டி நிக்குதான்னு பாத்துடறேன்!"

அவள் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

பெர்பெத்துவாவும் உள்ளே போய்ப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சாபம் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. மடியில் பிள்ளை இருக்கும்போது வேண்டாம் என்று விழுங்கினாள். லாரித் தண்ணி வாங்க அவளால் ஆகாது. மழை நின்றுவிட்டால்?

உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

வெளியே கார் உறுமுகிற சத்தம். பிறகு கதவில் மெல்லத் தட்டுகிற சத்தம்.

"அண்டாவைக் குடு. சீக்கிரம்."

இசாஹாகு காரைப் பின்னுக்கு எடுத்திருந்தான். மழை சன்னமாகியிருந்தது. ஆனால் கூரைத் தண்ணீர் குழாயிலிருந்து கண்ணாடி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. அண்டாவை அவனே வாங்கி அடியில் வைத்தான். டிக்கியைத் திறந்து தன் மஞ்சள் கேன்களையும் எடுத்து வரிசையாக வைத்தான்.

"இதுவும் உனக்குத்தான்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "கேட்டப்பவே விட்டிருக்கலாமேண்ணா?"

"அப்பவா? பாலைவனத்துலேருந்து வர்ற ஹர்மட்டான் காத்து அஞ்சு மாசமாக் கொட்டின செம்மண்ணு, ஓணான் எச்சம், எல்லாம் அந்தக் கூரை மேலதானே கிடந்துச்சு. நீ இருந்த தவிப்புல அதையே பிடிச்சுக்கிட்டுப் போயிருப்பே." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தண்ணி தெளியற வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வெக்கணுமில்ல? உன் அண்டாவை வெச்சா அக்கா காலால தள்ளிட்டு டிரம்மை வெச்சிருப்பாங்க. காரை யாரு தள்ளுவா?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே... என்னென்னமோ பேசிட்டேன்."

"அவங்க பக்கத்துலயே நின்னாங்களேம்மா. விஷயம் தெரிஞ்சா அந்தக் கோபம் உன் மேல திரும்பியிருக்கும். புருஷன் ஊர்ல இல்லாத நேரத்துல வீட்டைக் காலி பண்ணுன்னுட்டா எங்க போவே? என்னையத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும். கஞ்சன்னு பேரு வாங்கறது எனக்குப் புதுசா?"

அண்டா நிறைந்து வழிந்தது. அண்டாவின் அடியிலிருந்த கீறல்கூடத் தெரிகிற தண்ணீர். இசாஹாகு அதைத் தூக்கி அவள் வாசலில் வைத்துவிட்டு, கேனைக் குழாய்க்கு அடியில் நகர்த்தினான்.

அப்போதுதான் பெர்பெத்துவா காரைப் பார்த்தாள். வெள்ளைக் கார். தலையிலிருந்து டயர்வரை கூரையின் செஞ்சேறு அப்பி, தேய்த்துத் தேய்த்து இன்னும் உள்ளே ஏறி, உழவு நிலத்தில் புரட்டி எடுத்ததுபோல நின்றது.

அவன் காரில் ஏறி உட்கார்ந்தான்.

"நீ போய் அடுப்பைப் பத்த வை. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், காசு குடுத்து இதைக் கழுவிட்டு வந்துடறேன்."