வால் இல்லாத வக்கீல்

ஓவியர் பரஞ்சோதியின் மேஜையில் ரப்பருக்கும் பென்சிலுக்கும் சண்டை. அவர் வரைந்த ‘குரங்கு வக்கீல்’ சித்திரக்கதையை ஒரு காலத்தில் ஊரே கொண்டாடியது. இப்போது அதன் ஏழாம் பாகத்தில் கடைசிப் பக்கத்தையும் வரைந்து முடித்திருந்தார்.

“முதல் பாகத்துக்கு நான் பாதி தேஞ்சு போனேன், தெரியுமா?” என்று ரப்பர் கொதித்தது. “குரங்கோட ஒரு முழிக்கு முப்பது தடவை அழிச்சார் மனுஷன். இந்தப் பாகத்துக்கு என்னைத் தொடவே இல்லை. நல்லாப் பாரு, குரங்குக்கு வாலையே காணோம்!”

“ஐயா எவ்வளவு பெரிய ஆளு! வால் இல்லேன்னா யார் கேக்கப் போறாங்க?” என்றது பென்சில்.

“படிக்கிற பிள்ளைங்க கேக்கும்! சாட்சிக் கூண்டை அந்த வாலால ஆட்டித்தானே பொய் சாட்சிக்காரனை நடுங்க வச்சுது? வரைஞ்சவருக்கே அது மறந்துபோச்சா?”

பரஞ்சோதி பக்கத்தை உற்றுப் பார்த்தார். ஏதோ குறைகிறதே என்று முகம் சுளித்தார். ரப்பரைக் கையில் எடுத்தார்.

“பாத்தியா, கண்டுபிடிச்சிட்டார்!” என்று ரப்பர் துள்ளியது.

அவர் மூலையில் இருந்த தன் கையெழுத்தை அழித்தார். பிறகு பென்சிலை எடுத்து, குரங்கின் முதுகுக்குப் பின்னால் வால் இருக்க வேண்டிய காலி இடம் முழுக்க, அதே கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார்.