நீட்டிய கை

ஆபரேஷன் முடிந்ததிலிருந்து டீச்சருக்கு ஒரே குமட்டல். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

மேல்படிப்பு முடித்துப் புதிதாக வந்திருந்த நர்ஸ், மெல்லிய ஊசிகளோடு வந்தாள். "அக்குபஞ்சர்மா. டாக்டர் சரின்னுட்டார். மணிக்கட்டுல போட்டா குமட்டல் அடங்கும்."

"புதுசா படிச்சுட்டு வந்து எங்கிட்டயா பழகிப் பாக்கப் போற? கிட்ட வராதே!"

"எனக்குக் குத்தும்மா" என்று கையை நீட்டினாள் பக்கத்துக் கட்டில் அம்மாள். அவளுக்கும் அதே அவஸ்தைதான். ஊசி இறங்கியபோது முகம்கூடச் சுளிக்கவில்லை. சற்று நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

அதைப் பார்த்து டீச்சரும் அரைமனதாகக் கையைக் கொடுத்தாள். எறும்பு கடித்தது போலிருந்தது, அவ்வளவுதான். குமட்டல் மெல்ல அடங்கியது. கொஞ்சம் சூப் உள்ளே போனதும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா இரும்மா" என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் போனதும் பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"நீங்க துணிஞ்சு கையை நீட்டினதாலதான் நானும் பொழச்சேன். உங்களுக்குப் பயமே இல்லையாக்கா?"

"என்ன பயம் டீச்சர்? படிக்கிறப்போ வீட்டுல அவ குத்திப் பழகினதே இந்தக் கையிலதான். என் மருமக! இத்தனை வருஷத்துல வாயால ஒருநாளும் என்னைக் குத்திக் காட்டினதில்லை. ஊசியால மட்டும்தான்!"