பதினோரு ஓபரா, மூன்று பாலே

"பாலே எத்தனை?"

"மூணு."

"ஓபரா?"

"ஒன்பது... இல்ல, பதினொண்ணு. ஜேபி, ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்களேன்."

டெக்ஸாஸிலிருந்து வந்து நெவார்க் ஏர்போர்ட்டில் இறங்கியதிலிருந்தே சேனாபதி சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். கார் வெஸ்ட் வின்ட்சரில் இருந்த ஜெயபிரகாஷின் வீட்டை நோக்கிப் பறந்தது.

"எச்-ஒன் விசா இன்டர்வியூவுக்குக்கூட இப்படி பிரிப்பேர் பண்ணியிருக்க மாட்டீங்க போல," ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தான் ஜெயபிரகாஷ்.

"சிரிக்காதீங்க. அதிதி என்கூட நாலு வார்த்தை பேசலன்னா, நான் இவ்வளவு தூரம் வந்ததே வேஸ்ட்."

"புது ஆளுன்னா வாயைத் திறக்கவே மாட்டா, வாஸ்தவம். ஆனா பாலே டான்ஸ் கிளாஸ் சேர்ந்ததுலேருந்து அவளுக்கு அந்த ரஷ்ய மியூசிக் மேதை சாய்கோவ்ஸ்கின்னா உயிரு. எட்டு வயசுல எங்க உயிரை எடுக்கறா! சரி, மியூசிக்குக்கு முன்னாடி அவர் என்ன வேலை பார்த்தாரு?"

"லா படிச்சிட்டு கவர்ன்மென்ட் ஆபீஸ்ல கிளார்க். அப்புறம் ராஜினாமா."

"நியூயார்க் வந்தது?"

"ஆயிரத்து எண்ணூத்து... தொண்ணூத்தி ஒண்ணு."

"அடி தூள்! 'ஹி கேம் ஹியர், டாடி'ம்பா. என்னவோ நேத்து நம்ம வீட்டுக்கு காபி சாப்பிட வந்தவர் மாதிரி."

சேனாபதி சிரிக்கவில்லை. "அவகூட எனக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?"

"ஒரு மணி நேரம். அப்புறம் அவளுக்கு கிளாஸ்."

கதவைத் திறந்த ஜெயபிரகாஷின் மனைவி வான்மதி, "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதிதி ஓடிவந்து ஜெயபிரகாஷின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஹூ இஸ் திஸ் அங்கிள், டாடி?"

சேனாபதி அவசரமாக முந்திக்கொண்டான். "சாய்கோவ்ஸ்கி... பதினோரு பாலே..."

"நோ, அங்கிள்! த்ரீ! ஒன்லி த்ரீ!" விழுந்து விழுந்து சிரித்தவள், அவன் கையைப் பிடித்துத் தன் அறைக்கு இழுத்துப் போனாள்.

பிறகு அவள் வாய் ஓயவில்லை. சுவரில் இருந்த படங்களைக் காட்டினாள், கால்விரலில் நின்று காட்டினாள், விழுந்தாள், மறுபடி நின்றாள்.

அறை வாசலில் வந்து நின்ற ஜெயபிரகாஷ் சேனாபதியை அருகே அழைத்துக் குரலைத் தாழ்த்தினான். "வான்மதி சரின்னுட்டா. இன்னிக்கே அதிதிகிட்ட உண்மையைச் சொல்லிடலாம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"டாடி, கோ! அங்கிள் இஸ் வாட்சிங் மீ!" உள்ளேயிருந்து அதிதி கத்தினாள்.

"வேணாம் ஜேபி. அங்கிளாவே இருந்துட்டுப் போறேன்," என்றான் சேனாபதி, வான்மதியைப் பிரிந்தபோது ஆறு மாதக் கைக்குழந்தையாக விட்டு வந்த தன் மகளிடமிருந்து கண்ணை எடுக்காமல்.