அண்ணி வளர்த்த கோஜி

இதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்த அண்ணனைப் பார்க்க வந்தாள் தங்கை. அவள் நர்ஸ். அண்ணனின் கையில் கன்றிப்போயிருந்த நீலத் திட்டுகள்தான் முதலில் கண்ணில் பட்டன.

"எங்கேயாவது இடிச்சுக்கிட்டியா?"

"இல்லையே. பல்லு தேய்ச்சாக்கூட ரத்தம் வருது. ஆனா உங்க அண்ணி என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்கறா! பால்கனித் தொட்டியில கோஜி பெர்ரின்னு ஏதோ சீனாப் பழம் வளர்த்து, உடம்புக்கு நல்லதுன்னு தினமும் டீ போட்டுத் தர்றா." காலிக் கோப்பையைப் பெருமையாகக் காட்டினான்.

தங்கை அந்தக் கோப்பையை வாங்கித் தள்ளி வைத்தாள். ஆசை ஆசையாக வளர்ப்பவளிடம் எப்படிச் சொல்வது? தயங்கியபடியே பால்கனிக்குப் போனாள். அண்ணி நன்றாகச் சிவந்த பழங்களாகப் பார்த்துப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. ரத்தம் உறையாம இருக்க அண்ணன் மாத்திரை சாப்பிடறான். அதோட இந்தப் பழம் சேரவே கூடாது. உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா உயிருக்கே ஆபத்து."

"தெரியும்மா. டிஸ்சார்ஜ் அன்னைக்கே டாக்டர் என்கிட்ட சொல்லிட்டார்."

"தெரிஞ்சுமா கொடுக்கறீங்க?"

அண்ணி பறிப்பதை நிறுத்தவில்லை.

"கல்யாணமான நாள்லேருந்து, நான் கொடுத்ததை உங்கண்ணன் என் மூஞ்சியில விசிறி அடிக்காம குடிக்கிறது இது ஒண்ணைத்தான்."